சமாதானம் பண்ண வந்தவர்

சமாதானம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். சொல்லின் மேல் குற்றம் இல்லை. அதை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அப்படி.

என் மாமியாருக்கு அம்மாஞ்சி, அதாவது தாய்மாமன் பிள்ளை முறை அவர். மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவர். மயிலாப்பூரில் எங்கள் உறவுக்காரர் வீடுகளில் எங்கே மனஸ்தாபம் என்றாலும் அவரைத்தான் அழைத்துவருவார்கள். அழைக்காவிட்டாலும் வருவார். சண்டையை அவர் மோப்பம் பிடிப்பார் என்று என் கணவர் சொல்வதுண்டு. மோப்பம் பிடிக்கிற மூக்கில் எந்நேரமும் பொடி அடைத்திருக்கும் என்பதுதான் வேடிக்கை. பொடி பட்டுப் பட்டு அவருடைய இரண்டு விரல்கள் பழுப்பேறிப் போயிருந்தன. ரகசியம் சொல்வதென்றால் முகத்தைக் காதுக்கு அருகே கொண்டுவருவார். உதடுகள் ஈரமாக ஒட்டிப் பிரியும் சத்தம் முதலில் கேட்கும். பேச்சு பிறகுதான் வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பத்தில், மாட வீதியை ஒட்டிய ஒரு சந்து வீட்டுக்கு நான் மருமகளாக வந்தேன். மாமியார், மைத்துனர், அவர் மனைவி, என் கணவர், நான். மைத்துனர் காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். என் கணவர் பள்ளிக்கூட உபாத்தியாயர். மைத்துனர் மனைவியை மன்னி என்று கூப்பிடுவேன். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். உரக்கச் சிரிப்பாள். அந்த வீட்டில் உரக்கச் சிரித்தவள் அவள் ஒருத்திதான். கல்யாணமாகிப் பல வருஷங்களாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள்; நாங்களும் பேச மாட்டோம். சாயங்காலத்தில் சேர்ந்து கோயிலுக்குப் போவோம்; திரும்பும்போது குளத்துப் படியில் கொஞ்சம் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவோம். அப்படித்தான் இருந்தோம்.

ஒரு நவராத்திரியில்தான் ஆரம்பித்தது. அப்போது மாம்பலத்தில் வயலையும் ஏரியையும் மேடாக்கிப் புதுப்புது வீடுகளாக எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். பாடச் சொன்னார்கள். பிறந்த வீட்டில் நான் முறையாகச் சங்கீதம் கற்றவள். ஒரு பாட்டில் நிறுத்தியிருக்க வேண்டியவள் நாலைந்து பாடினேன். முன்கூடத்தில் இருந்த ஆண்களும் எழுந்து வந்து வாசற்படியில் நின்று கேட்டார்கள். அடுத்த மாதமே அடையாற்றில் ஒரு தோட்ட வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாதர் சங்கத்தார் கூட்டம், ஆண்களும் வருகிறார்கள், மேடை போட்டிருக்கிறது, நான் வந்து பாட வேண்டும் என்று. என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. மைத்துனர் புஸ்தகத்தைப் பிரித்துக்கொண்டார். மன்னி அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மாமா வந்தார். ஊஞ்சலில் உட்கார்ந்து காப்பி குடித்தார். சமையலறைப் பக்கம் வந்து, தண்ணீர் கேட்கும் சாக்கில் என் காதருகே குனிந்தார்.

“குழந்தே, நான் சொன்னேன்னு சொல்லாதே. உன் நன்மைக்காகச் சொல்றேன். உன் மன்னி நேத்திக்கு எங்காத்துக்காரிகிட்ட சொன்னாளாம், நம்மாத்துல ஒரு தாசி வந்து சேர்ந்திருக்கான்னு.”

என் கையிலிருந்த சொம்பு நழுவியது. அவர் அதைக் குனிந்து எடுத்து, சிந்தாமல் மிச்சமிருந்த தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுப் போனார்.

மன்னியிடம் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் போய் எதையும் கேட்டதில்லை. கோபம் வந்தால் பாத்திரத்தை ஓசைப்பட வைப்பார்கள். இல்லை, பூனையைத் திட்டுவார்கள். மற்றதெல்லாம் மாமா வழியாகத்தான். தொண்டை கட்டிவிட்டது என்று அடையாற்றுக்குச் சொல்லி அனுப்பினேன். மன்னியிடம் பேச்சைக் குறைத்தேன். அவளும் ஏதோ கண்டவள் போலக் குறைத்துக்கொண்டாள்.

தை மாதத்தில் எனக்கு வளைகாப்பு. ஏற்பாடுகளை மாமியார் மாமாவிடம் விட்டிருந்தார். ஆரத்தி யார் எடுப்பது என்று மாமா என்னிடம் கேட்டார். மன்னியின் மேல் எனக்குக் கோபம் இருந்தது, உண்மைதான். ஆனாலும் அவளுடைய தங்கை சீமந்தத்தில் யாரோ ஒருத்தி வாய்க்கு வந்ததைப் பேச, மன்னி அழுதுகொண்டே வீடு திரும்பியதை நான் பார்த்திருந்தேன்.

“மன்னியைக் கூப்பிட வேண்டாம் மாமா,” என்றேன். “ஊர்ப் பொம்மனாட்டிகள் நடுவுல அவாளை நிறுத்தி வச்சு யாராவது ஏதாவது சொல்லிட்டா பாவம்.”

“பேஷ்! எவ்வளவு பெரிய மனசு உனக்கு,” என்றார் மாமா.

பிரசவத்துக்குப் பிறந்த வீடு போய், ஆனியில் பெண் குழந்தையோடு திரும்பினேன். மாமியார் ஆரத்தி எடுத்தார். மன்னி கூடத்துத் தூணுக்குப் பின்னால் நின்றாள். குழந்தையை அவளிடம் நீட்டினேன். என்ன இருந்தாலும் குழந்தையிடம் என்ன கோபம் என்று நினைத்துத்தான் நீட்டினேன். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். முகம் ஒரு மாதிரி கோணியது. பிறகு கொல்லைப்புறம் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பேச்சே இல்லை. ஒரே சமையலறையில் இரண்டு அடுப்பு. அவள் ஒரு ரசம் வைப்பாள், நான் ஒன்று வைப்பேன். அவள் அரைத்த மாவை நான் தொட மாட்டேன்; அது புளித்துப் பொங்கி வழிந்து தரையில் காய்ந்து கிடக்கும். நான் தோய்த்த தயிரை அவள் தொட மாட்டாள். ‘பால் வந்தாச்சான்னு அம்மா கேக்கறா’ என்று சுவரைப் பார்த்துப் பேசுவோம். மைத்துனரும் என் கணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு ரசத்தையும் குடித்துவிட்டு, இரண்டும் நன்றாக இருக்கிறது என்று எழுந்து போவார்கள். படித்தவர்கள்!

மாமாவுக்கு மட்டும் அது பொற்காலம். வாரத்தில் ஒரு நாள் வந்தவர் மூன்று நாள் வந்தார். எங்கள் இருவரிடமும் தனித்தனியே பேசுவார். இரண்டு அடுப்பு இருந்ததால் இரண்டு இடத்திலும் அடை கிடைத்தது அவருக்கு. வெண்ணெயை வழித்து நக்கிக்கொண்டே, “பொறுமையா இருங்கோ, எல்லாம் நான் சரி பண்றேன்,” என்பார்.

அவர் சரி பண்ணியதையும் சொல்ல வேண்டும். அடுத்த பங்குனியில் ஒரு நல்ல நாள் பார்த்து எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார். யார் என்ன சொன்னாள், ஏன் சொன்னாள் என்று ஒரு கேள்வி கிடையாது. “பழசையெல்லாம் கிளறப்படாது. கிளறினா நாறும்,” என்றார். என்னை மன்னிக்கு நமஸ்காரம் பண்ணச் சொன்னார். மன்னியை எனக்குக் குங்குமம் இடச் சொன்னார். அவள் விரல் என் நெற்றியில் படாமலே குங்குமம் விழுந்தது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியம் பண்ணுங்கோ. மாவடு சீசன்தானே, ஒரு ஜாடி போடுங்கோ,” என்று மாமா உத்தரவிட்டார். பாயசத்தை இரண்டு முறை வாங்கிக்கொண்டு போனார்.

இடுப்பு உயரப் பீங்கான் ஜாடியில் மாவடு போட்டோம். ஒருத்தி உப்பைக் கொட்ட, இன்னொருத்தி மிளகாய்ப் பொடியைக் கொட்ட, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. மாவடுவைத் தினம் கிளறிவிட வேண்டும். அவள் கிளறுவாள் என்று நான் விட்டேன். நான் கிளறுவேன் என்று அவள் விட்டாள். துணியைக் கட்டி, சாமான்கள் வைக்கும் உக்கிராண அறையில் வைத்தது அப்படியே இருந்தது.

ஆடி பிறப்பதற்குள் அந்த அறையிலிருந்து நாற்றம் கிளம்பிவிட்டது. முதலில் எலி செத்திருக்கிறது என்று நினைத்தோம். பிறகு நாற்றம் கூடத்துக்கு வந்தது. பூஜைக்கு வைத்த மல்லிகையிலும் அதுவே அடித்தது. பாத்திரம் தேய்க்க வருகிறவள் உள்ளே கால் வைக்காமலே கேட்டாள்.

“இன்னாம்மா இது, இப்டி நாறுது? தெருக்கோடி வரைக்கும் வந்துகினு கீது!”

எது நாறுகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை யார் திறப்பது என்பதுதான் கேள்வி. இரண்டு நாள் அந்த நாற்றத்துக்கு நடுவிலேயே சாப்பிட்டோம், தூங்கினோம். மூன்றாம் நாள் காலையில் மாமியார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

“மாமாவைக் கூப்பிட்டு அனுப்பட்டுமா?”

எனக்குச் சிரிப்பு வந்ததா, வாந்தி வந்ததா என்று தெரியவில்லை. ஊறுகாய் ஜாடியைத் திறக்கக்கூட ஒரு பஞ்சாயத்து! குழந்தையை மாமியார் மடியில் போட்டுவிட்டுப் புடவைத் தலைப்பை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உக்கிராண அறைக்குள் போனேன்.

மன்னி ஏற்கெனவே அங்கே இருந்தாள். அவளும் மூக்கைக் கட்டியிருந்தாள். ஜாடியின் மேல்துணியை எடுத்திருந்தாள். மேலே வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை கம்பளி போலப் படர்ந்திருந்தது. அதன் விளிம்பில் புழுக்கள். அரிசி அளவுப் புழுக்கள், சாவகாசமாக ஜாடியின் கழுத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

அவள் ஜாடியைத் தனியாக அசைத்துப் பார்த்தாள். நகரவில்லை. நான் எதிர்ப்பக்கம் போய்ப் பிடித்தேன். பேசாமலே தூக்கினோம். படி இறங்கும்போது உள்ளே இருந்தது தளும்பி அவள் கையிலும் என் புடவையிலும் வழிந்தது. கொல்லையில் வாழை மரங்களுக்கு அப்பால் மன்னி கடப்பாரையால் குழி தோண்டினாள். கவிழ்த்தோம். அது ஒரேயடியாக விழவில்லை. கூழாகிப்போன பிஞ்சுகள் கட்டிக்கட்டியாக நழுவி வந்தன. நான் வாழையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன். தலையை யாரோ பிடித்தார்கள். நிமிர்ந்து பார்த்தபோது அவள் கையை எடுத்துவிட்டாள்.

பாத்திரம் தேய்ப்பவள் தூர நின்று பார்த்தாள். “நா இத்தத் தொடமாட்டேம்மா. நீங்களே கய்விக்கோங்க,” என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய்விட்டாள்.

கிணற்றடியில் மன்னி தண்ணீர் சேந்தினாள். நான் சாம்பல் போட்டு ஜாடியைத் தேய்த்தேன். கையிலிருந்து அந்த வாடை போகவே இல்லை. இதற்கு மேல் அசிங்கம் என்ன இருக்கிறது என்று தோன்றியது. அதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

“மன்னி, ஒண்ணு கேக்கணும்,” என்றேன். “கேட்டா உங்களுக்குக் கோபம் வரலாம். வந்தா எங்கிட்டயே கோவிச்சுக்குங்கோ. மாமாகிட்டப் போகாதீங்கோ.”

அவள் கயிற்றை நிறுத்திவிட்டு நின்றாள்.

“என்னைத் தாசின்னு சொன்னேளா?”

அவள் உடனே இல்லை என்று சொல்லவில்லை. அதை நான் இன்னும் மதிக்கிறேன். கொஞ்சம் யோசித்தாள்.

“அந்த வார்த்தை சொல்லலை. ஆனா மாமாகிட்ட வேற ஒண்ணு சொன்னேன். கொலுவுல பாடறது சரி, ஊர் ஆம்பளைகளுக்கு முன்னாடி மேடையில உக்காந்து பாடணுமான்னு கேட்டேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன்.”

“அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம்,” என்றாள். “உங்கிட்டச் சொன்னா நீ அழுவே. அவர்கிட்டச் சொன்னா பக்குவமா எடுத்துச் சொல்வார்னு நினைச்சேன்.”

பிறகு வாளியைக் கீழே வைத்தாள். குரல் மாறிவிட்டது.

“நீ சொன்னதுக்கு நீ பதில் சொல்லு. மலடி கை பட்டா கர்ப்பத்துக்கு ஆகாதுன்னு மாமாகிட்டச் சொன்னியாமே, வளைகாப்புக்கு முன்னாடி?”

நான் சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“அதனாலதான் குழந்தையைத் தொடலையா?”

“தொட்டு, அதுக்கு ஜுரம் கிரம் வந்தா?” என்றாள். “நீ என்ன சொல்லுவே? நீ நீட்டினப்போகூட, எல்லார் முன்னாடியும் நல்ல பேர் வாங்கறதுக்காக நீட்டறேன்னு நினைச்சேன்.”

ஒரு வருஷம் அந்த வீட்டில் ஒரு குழந்தை தவழ்ந்து, நின்று, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. அவள் ஒரு முறைகூட அதைத் தூக்கவில்லை. தூக்க ஆசை இல்லாமல் அல்ல. மாமாவுடைய அந்த ஈர உதடுகள் அவள் காதருகே எப்படி ஒட்டிப் பிரிந்திருக்கும் என்று நினைத்தபோது என் உடம்பெல்லாம் கூசியது. சற்று முன் பார்த்த புழுக்கள் எவ்வளவோ தேவலை.

நாங்கள் கட்டிக்கொண்டு அழவில்லை. அவள் ஒரு நிபந்தனை மட்டும் சொன்னாள். “என்மேல உனக்கு என்ன இருந்தாலும் என் மூஞ்சிக்கு நேரே சொல்லு. நானும் அப்படியே சொல்றேன். சொல்றப்போ அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லணும். போன வருஷத்து உப்பு, முந்தின வருஷத்துப் புளியெல்லாம் சேர்க்கப்படாது.” நான் சரி என்றேன். குளித்துவிட்டு வந்து அவள் குழந்தையைக் கேட்டாள். குழந்தை அவளைப் பார்த்து வீறிட்டு அழுதது. பழக்கமில்லாத முகம். அவள் அதைப் பொறுத்துக்கொண்டு, அழ அழத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லையில் நடந்தாள்.

அடுத்த தடவை மாமா வந்தபோது மாமியார், மைத்துனர், என் கணவர் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். மன்னியும் நானும் சேர்ந்து வந்து நின்றோம். அவர் முகம் ஒரு கணம் வெறித்தது, பிறகு சிரித்தார்.

மன்னிதான் ஆரம்பித்தாள். குரலை உயர்த்தவில்லை. “மாமா, இவ என்னை மலடின்னு சொன்னதா சொன்னேளே. நான் இவளைத் தாசின்னு சொன்னதா இவகிட்டச் சொன்னேளே. எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி இன்னொரு தடவை சொல்லுங்கோ.”

மாமா துண்டால் மூக்கைத் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார். “நான் எங்கே அப்படிச் சொன்னேன்? அர்த்தம் அப்படி வந்திருக்கலாம்.”

“வார்த்தையைத்தான் கேக்கறோம்,” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தார். “பாத்தியா? எலியும் பூனையுமா இருந்த ரெண்டு பேர் இன்னிக்கு ஒண்ணா வந்து நிக்கறா. யார் பண்ணினது? நான் சேர்த்து வச்ச சேர்த்திதானே இது! எனக்குக் கெட்ட பேர் வந்தா வந்துட்டுப் போறது.”

மாமியார் அழ ஆரம்பித்தார். “பெரியவரை நிக்கவச்சுக் கேள்வி கேக்கறேளே, இது அடுக்குமா?” என்றார். மைத்துனர் தொண்டையைக் கனைத்தார். “விடுங்கோ, ஆனது ஆயாச்சு,” என்றார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா ஊஞ்சலை விட்டு எழுந்திருக்கவில்லை. தம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “சித்த டிகாஷன் தூக்கலா இன்னொரு காப்பி கிடைக்குமா?” என்று கேட்டார்.

மாமியாரே போய்ப் போட்டுக் கொடுத்தார்.

அவரைவிட அன்று கூடத்தில் இருந்த மற்றவர்கள்மேல் எனக்கு அருவருப்பு அதிகமாக இருந்தது. அவர் விற்றதை வாங்கத்தான் ஆள் இருந்ததே. கேட்டுவிட முடியாத ஒரு கேள்வியை யாராவது சுமந்துகொண்டு போனால் போதும் என்று எல்லோருக்கும் இருந்தது. ஆனால் ஒன்று நடந்தது. எங்கள் வீட்டுக்கு அவர் வருவது குறைந்தது. இருவரும் ஒரே சமயத்தில் எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவோம். தனியாகக் குனிய ஒரு காது கிடைக்கவில்லை அவருக்கு. இரண்டாவது அடுப்பை அணைத்தோம்.

அதற்குப் பிறகு மன்னியும் நானும் சண்டை போடவில்லை என்று சொன்னால் பொய். முன்பைவிட அதிகமாகப் போட்டோம். குழந்தைக்கு விளக்கெண்ணெய் கொடுப்பதில் போட்டோம். என் சமையலில் காரம் என்பதில் போட்டோம். அவள் கத்துவாள், நான் கத்துவேன், மைத்துனர் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவார். சாப்பாட்டு வேளைக்குள் முடிந்துவிடும். அடையாற்றிலிருந்து மறுபடி அழைப்பு வந்தபோது நான் ஒப்புக்கொண்டேன். “எனக்கு இது பிடிக்கலை, நான் வரமாட்டேன்,” என்றாள் மன்னி. “சரி,” என்றேன். நான் பாடிவிட்டு வரும்வரை குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். எப்படிப் பாடினாய் என்று கேட்கவே இல்லை. வெந்நீரில் மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்தாள், தொண்டைக்கு.

சில வருஷங்கள் கழித்து மாம்பலத்தில் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போனேன். கூடத்தில் மாமா இருந்தார். அண்ணன் தம்பி இருவரை இரண்டு பக்கமும் உட்காரவைத்து, இருவர் கைகளையும் பிடித்துத் தன் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். இலையில் உட்காராமல் கிளம்பினேன். அந்தத் தம்பியின் மனைவி, வீட்டுச் சின்ன மருமகள், ஜட்கா வண்டி வரைக்கும் ஓடி வந்தாள். “ஏன் மாமி, சாப்பிடாமலே போறேளே?” என்றாள்.

“உனக்கும் உன் ஓர்ப்படிக்கும் என்ன?” என்று கேட்டேன்.

அவள் திடுக்கிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தாள். “மாமா பேசிண்டிருக்கார், எல்லாம் சரியாப் போயிடும்.”

“சரியாகாது. நீயே அவகிட்டப் போய்க் கேளு. இன்னிக்கே கேளு,” என்றேன்.

வீட்டுக்கு வந்து மன்னியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“கேப்பாளா அவ?”

“தெரியலை. முகத்தைப் பார்த்தா பயந்தவளா இருக்கா.”

மன்னி அழுகின தண்டு ஒன்றைத் தூக்கி எறிந்தாள். “நாளைக்கு மறுபடியும் போவோம். ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல விட்டு வெளியில தாப்பாப் போட்டுட்டு வருவோம்,” என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்கிறாளா என்று பார்த்தேன். மறுநாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் அவள் வாசலில் நின்றாள்.